பஸ் முதலாளி ஏகாம்பரத்துக்கு என் மாலை கிடையாது

ஏகாம்பரம் முதலாளி போய்விட்டார். நேற்று மதியம், மயிலாப்பூர் வீட்டில்... சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

காலையிலிருந்து ஆளாளுக்குத் தர்மவான் என்கிறார்கள். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்த தர்மத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லஸ்ஸிலிருந்து மாம்பலம் போகிற பஸ். டிரைவர் காதர் பாய். அவர் ஓட்டினால் பின் சீட்டில் கைக்குழந்தைகூடத் தூங்கும்.

மாம்பலத்தில் அப்போதுதான் புதுத் தெருக்கள் போட்டிருந்தார்கள். பாதித் தெருவில் விளக்கே கிடையாது. ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம், எதிரே நின்ற மாட்டுவண்டி, பாய் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நான் கத்தின பிறகுதான் பிரேக் போட்டார். வண்டிக்காரன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

மறுநாளே பாய் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாலைக்கண், இனி இருட்டில் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பகல்ல எத்தினி ட்ரிப்னாலும் ஓட்றேன் மொதலாளி. இருட்டிட்டா வேணாம். ஒண்ணும் தெர்ல" என்றார் பாய். ஷெட்டில் எல்லோரும் நின்றிருந்தோம்.

"பகல்ல தெரியிற கண்ணு ராத்திரி எங்கய்யா பூடும்? நோவு சொல்லிக்கினு வேலைய தட்டிக் கழிக்கிறியா?" முதலாளி சிரித்தார். அவரோடு சேர்ந்து சிரிக்கவும் ஆள் இருந்தது...

பாய் சிரிக்கவில்லை.

"சரி மொதலாளி. இன்னிக்கு சாயங்காலம் ஊட்டம்மாவயும் கொழந்தைங்களயும் முன் சீட்ல குந்த வைங்க. நான் ஓட்றேன்."

முதலாளி முகம் கறுத்துவிட்டது.

"திமிரா? காக்கி கோட்ட கழட்டி வெச்சிட்டு போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

பாய் கோட்டைக் கழற்றி, மடித்து, டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு நடந்தார். வேறெந்த பஸ்காரரும் அவரைச் சேர்க்கவில்லை. முதலாளி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

பிறகு முதலாளி சொந்தமாகக் கார் வாங்கினார். டிரைவர் வேலை கேட்டு வந்தவனை முதலில் எங்கே அனுப்பினார் தெரியுமா? அதே கண் ஆஸ்பத்திரிக்கு. கண்ணில் பழுதில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலை. காரில் போவது சொந்தப் பிள்ளைகள். பஸ்ஸில் போனது ஊரான் பிள்ளைகள்தானே...

இன்று காலை ராயப்பேட்டைக்குப் போய்ப் பாயிடம் சேதி சொன்னேன். அங்கே பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு, வாய்க்குள்ளே ஏதோ ஓதினார்.

"பூட்டாரு. வுடு நைனா."

அவருக்கு அந்த மனசு. எனக்கு இல்லை.

போங்கள் முதலாளி. தூக்குவதற்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்களாம். நான் வரவில்லை.