காயாத வலை

என் தம்பிக்கு எங்கள் பக்கத்து மீன் பண்ணைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சுத்தம்’. கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஆனால் அப்படி யாராவது கூப்பிட்டால் அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிடும். எனக்குத் தெரியாதா? நான் இடுப்பில் தூக்கி வளர்த்த கழுதை அவன்.

“சுத்தம் வர்றாரு, எல்லாரும் காலைக் கழுவிக்கோங்கப்பா!” என்று தூரத்தில் அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கழுவவும் செய்வார்கள். காலைக் கழுவாமல் ஒருத்தர் கரையில் ஏறிவிட முடியாது. ஒரு குளத்து வாளியை இன்னொரு குளத்தில் விட்டால் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்வான். “நோய்க்குக் காலு கிடையாதுண்ணே, நம்ம காலுலதான் நடந்து போகுது” என்பான். பெரிய மேதாவி! வீட்டில் சட்டையைக் கழற்றினால் கழற்றின இடத்திலேயே கிடக்கும். குளத்தில் மட்டும்தான் இந்தச் சுத்தமெல்லாம்.

இருந்தாலும் கைராசிக்காரன். யாருடைய மீன் தீவனம் எடுக்காமல் ஒதுங்கினாலும் அவனுக்குத்தான் முதல் போன். வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் விடுவான். முழங்கை வரைக்கும் போன பிறகு உள்ளங்கை மறைந்தால் தண்ணீர் சரியான பச்சை. மணிக்கட்டு முங்கியதுமே மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது, விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டும் என்பான். சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். கடைசியாகத் தன் சொந்த வீச்சு வலையை வீசி, நாலு மீனைப் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். மற்றவர்கள் வலை செதிலைப் பெயர்த்துவிடுமாம், அதனால் எங்கே போனாலும் அவன் வலைதான். ஒரு குளத்தில் வீசியதை ஊதா மருந்துத் தண்ணீரில் முக்கி, வெயிலில் மொறமொறவென்று காயவைக்காமல் அடுத்த குளத்தில் இறக்க மாட்டான். அதுதான் அவனுடைய சட்டம்.

அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன். தீவனக் கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே பாடத்தில் கோட்டை விட்டவர்கள். கடை வாசலில் தம்பிக்கென்றே ஒரு ஸ்டூல் கிடக்கும். காலையில் அவன் போய் உட்கார்ந்தால்தான் கடை திறந்த மாதிரி. “வாடா மாப்ளே, இன்னைக்கு எத்தனை பேர் காலைக் கழுவ வச்சே?” என்று ஆரம்பிப்பார். வாடிக்கையாளர் காத்துக்கொண்டு நின்றாலும் இவர்கள் பேச்சு முடியாது.

போன கோடையில் ஒரு விடிகாலை, என் குளத்து மீன் மொத்தமும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தக் குளம்தான் என் பிழைப்பு. தம்பிக்குப் போன் போட்டு, “எல்லாம் போச்சுடா! நீ வந்தா வா, இல்லாட்டி நானும் உள்ளே குதிக்கிறேன்!” என்று கத்தினேன். அவன் அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் குளத்தில் இருந்தான். அங்கே மீன்களுக்குச் சிவப்புப் புண் வந்திருந்தது, அதைப் பார்க்கப் போயிருந்தான். போட்டது போட்டபடி ஓடி வந்தான். தண்ணீரில் காற்றைக் கலக்கிவிடும் சக்கரம் பழுதாகிக் கிடந்தது, அதைத் தட்டி ஓட்டினான், வாய்க்கால் மடையைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டான். வெயில் ஏறுவதற்குள் மீன்கள் அடியில் போய்விட்டன. அதற்கப்புறம், செவுள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வலையை வீசினான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வலையை யார் கவனித்தார்கள்?

அடுத்த வாரம் என் மீன்களுக்குச் சிவப்புப் புண். முதலில் ஒன்றிரண்டு ஓரமாக மிதந்தன. பிறகு கூடை கூடையாக அள்ளிக் கரையில் குழி வெட்டிப் புதைத்தேன். தம்பி வந்தான், ஒரு மீனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான், பேயறைந்தவன் மாதிரி நின்றான். என் நஷ்டத்துக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன்.

அதே வாரம்தான் புது மூட்டைத் தீவனம் பிரித்திருந்தேன். அதில் லேசாக மக்கிப்போன வாடை அடித்த மாதிரி இருந்தது. போதாதா எனக்கு? மூட்டையை வண்டியில் போட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். மூட்டையைக் கல்லா முன்னால் கவிழ்த்துக் கொட்டினேன்.

“பூஞ்சை பிடிச்சதை வித்து என் குடியைக் கெடுத்துட்டீங்களே! மனுஷன்தானா நீங்க?”

“அக்கா, கொஞ்சம் பொறுங்க. போன வாரம் வந்த சரக்குக்கா. எல்லாரும்தான் வாங்கிட்டுப் போனாங்க.”

“எல்லார் மீனும் சாகட்டும்னு பாக்கறீங்களா?” என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் பேசினேன். கடைக்காரர் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். “மாப்ளே, நீ சொல்லுடா. இது கெட்டுப் போனதாடா?”

தம்பி குனிந்து ஒரு பிடி தீவனத்தை அள்ளி மூக்கருகே கொண்டுபோனான். கடையே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ம்…” என்றான். “பாத்து ஒண்ணும் சொல்ல முடியல.”

சுத்தமே சொல்ல முடியவில்லை என்றால் பிறகென்ன? முன்னால் நின்றவர் எடுத்த மூட்டையைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்கள் நழுவினார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கடையில் ஈ காக்கை இல்லை.

தம்பி ஸ்டூல் பக்கம் போகவில்லை. போன் வந்தால் எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, “அண்ணி, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு. அந்த வலையை எரிச்சுட்டாரு” என்றாள். உயிர் மாதிரி வைத்திருந்த வலை! நான் ஓடினேன்.

பின்கட்டில் சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தீவனத்துல ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்கு அந்தப் பக்கத்துக் குளத்துல வீசின வலையை அப்படியே ஈரத்தோட உன் குளத்துல வீசிட்டேன். புண்ணைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“கடைக்குப் போறதுக்கு முன்னாலயேவா?”

தலையை ஆட்டினான்.

மீன் போனது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான்தான் கத்திக் கூப்பிட்டேன், அவனும் எனக்காகத்தான் ஓடி வந்தான். ஆனால் அந்த ‘ம்’! நான் கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று, எல்லாம் தெரிந்து, ஒரு ‘ம்’!

“வெக்கமா இருந்துச்சுக்கா. ஊருக்கெல்லாம் காலைக் கழுவச் சொன்னவன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“அந்தக் கடைக்கார மனுஷன் மூஞ்சி மட்டும் ஓசியில கிடைச்சுதா? எழுந்திரு. எங்க ‘ம்’னு சொன்னியோ அங்கயே வந்து சொல்லு.”

கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடையில் இரண்டு மூன்று பண்ணைக்காரர்கள் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். வலையைச் சொன்னான், புண்ணைப் பார்த்ததும் தெரிந்ததைச் சொன்னான், தெரிந்தும் பேசாமல் நின்றதையும் சொன்னான். காதெல்லாம் சிவந்து, கூனிக் குறுகிப் போயிருந்தான். பார்க்கிற எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். “என் வாய்க்குப் பூட்டே கிடையாதுங்க. மன்னிச்சுடுங்க.”

“விடுங்கக்கா. நீங்க கத்துறவங்க, கத்துனீங்க” என்று கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நிஜமான சிரிப்பு. தம்பியிடம் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் சிந்தியிருந்த தூளைக் கையால் ஓரமாக ஒதுக்கினார். “வலை ஈரமா இருந்தது பெரிய விஷயமில்ல. அவசரத்துல யாருக்கும் நடக்கும்” என்றார். திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்கு மறுபடி ஆட்கள் வந்தார்கள். தம்பியையும் யாரும் ஒதுக்கவில்லை. ‘சுத்தம்’ என்று கூப்பிடுவதை மட்டும் அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். இப்போது அவன் வலை எடுத்துப் போவதில்லை. அவரவர் குளத்துக்கு அவரவர் வலை என்று சொல்லி, கரையிலேயே தொங்கவிட வைத்திருக்கிறான்.

என் குளத்தைக் காயவைத்து, சுண்ணாம்பு போட்டு, புதுக் குஞ்சு விட்ட அன்று, தீவனம் வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போனோம். ஸ்டூல் அதே இடத்தில்தான் கிடந்தது. யாரோ அதன்மேல் மூட்டையை வைத்திருந்தார்கள். தம்பி படியேறியதும் கடைக்காரர் எழுந்து நின்றார்.

“வாங்க சார். என்ன வேணும்?”

தம்பி வேண்டியதைச் சொன்னான். அவர் சரியாக எடை போட்டு, மூட்டையை வண்டி வரைக்கும் தூக்கிவரச் செய்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

பாதி வழியில் தம்பி வண்டியை நிறுத்திவிட்டான். “அக்கா, அவன் என்னைய சார்ங்கறான்” என்றான்.