புகைவீட்டுக்கு ஒரு வரைபடம்

பினாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் நான் பயிற்சி மாணவனாக இருந்தபோதுதான் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதுவரை நான் கட்டியவை எல்லாம் காகிதத்தில் மட்டுமே நின்றன. சனிக்கிழமைதோறும் துரை எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். மலையில் ஓய்வெடுக்கப் போகும் தம்பதிக்கு ஒரு பங்களா, கடற்கரையில் பேண்டு வாசிப்பவர்களுக்கு ஒரு மண்டபம், சின்ன ஊருக்கு ஒரு தபால் நிலையம். இல்லாத நிலத்தில் இல்லாத மனிதர்களுக்காக நான் வாசலும் மாடிப்படியும் வரைந்துகொண்டிருந்தேன். துரை சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டுத் திருப்பித் தருவார்.

குண்டு விழுந்த பிறகு ஒரு காலையில் அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. துரை குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வரைபடங்கள் தரையெங்கும் சிதறி, அவற்றின் மேல் செருப்புக் கால்தடங்கள் இருந்தன. என்னுடையது என்று அங்கே இருந்தது கோடு போடும் ஒரு டி-ஸ்கொயர்தான். அதை எடுத்துக்கொண்டு படகேறி அக்கரைக்கு வந்து, கிடைத்த லாரியில் தொற்றி, மீதி வழியை நொண்டி நொண்டி நடந்து வீடு சேர்ந்தேன். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போயிருந்தது.

வீடு என்றால் கெடாவில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். அக்காவின் கல்யாணத்துக்காக அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போயிருந்தாள். கல்யாணம் முடிந்து அம்மா திரும்புவதற்குள் கப்பல் நின்றுபோனது. அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். அம்மாவைப் பற்றி ஒருவர் தொடங்கினால் மற்றவர் எழுந்து போய்விடுவார்.

பிறகு, நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். ரயில்பாதை வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்த ஆண்களில் நடக்கக்கூடியவர்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். அத்தனை பேருக்கும் ஒரு டிரெஸ்ஸர் வேண்டும் என்று அப்பாவையும் ஏறச் சொன்னார்கள். என் காலைப் பார்த்த ஜப்பான்காரன் கையை வீசி என்னை ஒதுங்கச் சொன்னான். லாரியில் நின்ற அப்பா, கதவைத் தாழ் போட்டுப் படு என்று மட்டும் சொன்னார். லாரி திரும்பும்வரை நான் கையை ஆட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் மறைத்துவிட்டார்கள்.

தோட்டத்தில் இருந்த ஒரே வாலிபன் நான்தான். அது ஒரு வெட்கம்போல என் மேல் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் மனதில் வேறொன்றும் இல்லை என்று இப்போது புரிகிறது. தங்கள் வீட்டில் இல்லாத ஒருவனை என்னிடம் பார்த்திருப்பார்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை. குழாய்க்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். பகலில் அப்பாவின் பழைய மருந்து அட்டைகளின் பின்பக்கத்தில் வரைந்தேன். தபால் நிலையத்தையே மறுபடியும் மறுபடியும் வரைந்தேன்.

ஒரு மழைநாளில் லயத்தின் கடைசி வீட்டுக் கதவை யாரோ உதைத்துத் திறந்து, இருந்த அரிசியையும் கோழிகளையும் எடுத்துக்கொண்டு, தடுத்த பெண்ணை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கொள்ளைக்காரர்களா சிப்பாய்களா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பெண்கள் கூட்டமாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவளை எனக்குத் தெரியும், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், நாற்பது வயதிருக்கும். புருஷனையும் மூத்த மகனையும் ஒரே லாரியில் அனுப்பியிருந்தாள்.

“தம்பி, நீங்க வீடு கட்டுற படிப்புதானே படிச்சீங்க?”

ஆமாம் என்றேன். முடிக்கவில்லை என்றும் சொன்னேன்.

“முடிச்சவங்கதான் ஓடிட்டாங்களே. நாங்க எல்லாரும் ஒரே எடத்துல படுக்கணும். தனித்தனியா இருந்தா சுசாலா, ஒவ்வொரு வீடா ஒடைப்பாங்க. எதையாச்சும் ஒண்ணு கட்டிக் கொடுங்க.”

கட்டப் பலகை இல்லை, சிமெண்டு இல்லை, கூரைக்குத் தகரம் இல்லை. அதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தபோதுதான் என் கண் புகைவீட்டின் மேல் போனது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கட்டடம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் அது சும்மா கிடந்தது. கனமான செங்கல் சுவர், உயரமான தகரக் கூரை, இரும்புக் கதவு. ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. புகை வெளியே போகாமல் இருக்கக் கட்டியது, ஆள் உள்ளே வராமல் இருக்கவும் உதவும் என்று தோன்றியது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணியிடம் போய்க் கேட்டேன். தோட்டம் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜப்பான்காரன் கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது, கேட்காதவரை தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். அனுமதி என்று அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே போய் நின்றபோது மலைப்பாக இருந்தது. சுவரெல்லாம் கரிப்பிசின். ஷீட் தொங்கவிடும் மரச்சட்டங்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காக நின்றன. கதவை மூடினால் கையை நீட்டினாலும் கை தெரியாது. அளவெடுத்துக்கொண்டு வந்து ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். குண்டு விழுந்ததற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்றால் அவைதான். பசியைக்கூட மறந்திருந்தேன். உயரச் சட்டங்களைக் கழற்றி, கீழே உள்ளவற்றை இரண்டு தட்டுப் பரணாக்கினேன். அது படுக்க. குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. நெருப்புக் குழி இருந்த பக்கம் பொதுச் சமையல். சுவரில், தலைக்கு நேராக, நல்ல அகலமான ஜன்னல்கள்.

படத்தைக் கொண்டுபோய் அந்த அக்காவிடம் காட்டினேன். அவளுக்குப் படம் படிக்க வராது. நானே தரையில் நடந்து காட்டினேன், இது பரண், இது தடுப்பு, இது ஜன்னல் என்று. ஜன்னல் என்றதும் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

காற்றில்லாமல் இத்தனை பேர் படுத்தால் பிள்ளைகள் செத்துப்போகும் என்றேன். ஜன்னல் வைத்தால் அதன் வழியாகக் கை வரும், கண் வரும் என்றார்கள். அடிபட்ட பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாதத்தை நிறுத்திப் படத்தைச் சுருட்டினேன். ஆனால் விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. என் மேசையில் இல்லாத மனிதர்களுக்காக வரைந்தபோது யாரும் எனக்கு எதிராகப் பேசியதில்லை. அன்று வீட்டுக்கு வந்து கோபமாகப் படுத்துக்கொண்டேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

மறுபடி போய், கூரைக்கு அடியில் மட்டும் ஒன்று விட்டு ஒன்றாகச் செங்கல்லை எடுத்துவிடலாம் என்றேன். ஏணி போட்டாலும் ஆள் நுழைய முடியாது, அந்த உயரத்திலிருந்து கை எட்டவும் எட்டாது. சூடான காற்று மேலே போய்விடும், வெளிச்சம் மேலிருந்து விழும். அந்த அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “ஒரு சுவத்துல எடுங்க. நாங்க உள்ள இருந்து பாக்குறோம்” என்றாள். எடுத்துக் காட்டிய பிறகு மற்ற சுவர்களுக்கும் சரி என்றார்கள். தடுப்புகள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். பக்கத்தில் படுத்திருப்பவள் இருமினால் தெரிய வேண்டும் என்றார்கள்.

வேலை அத்தனையும் பெண்கள் செய்தார்கள். தோட்டத்துத் துரை விட்டு ஓடிய பங்களாவில் மிஞ்சிய உடைந்த பலகைகளிலிருந்து ஆணி பிடுங்கி, கல்லில் தட்டி நிமிர்த்தினார்கள். கரிப்பிசினைச் சுரண்டினார்கள். சுரண்டியும் போகாத இடத்தில் களிமண்ணையும் சாம்பலையும் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் சுவர் யானை நிறத்துக்கு வந்தது. கடலோரத்துத் தஞ்சோங் டாவாய்க்கு உப்பு வாங்கப் போனவர்கள் வலைக்கயிறு கொண்டுவந்தார்கள். அதைப் பரணுக்குப் பின்னினோம். வெயில் ஏறினால் கூரைச் சட்டத்திலிருந்து பிசின் சொட்டுமென்று நான் நினைக்கவில்லை. முதல் நாட்களில் பிள்ளைகள் தலையில் கறுப்புப் பொட்டுகளோடு திரிந்தன. வாழை மட்டையைப் பிளந்து சட்டத்துக்கு அடியில் கட்டிச் சமாளித்தேன்.

கடைசியில் கதவு. வெளியே இருந்த கொண்டியைக் கழற்றிவிட்டு, உள்ளே கனமான ஒரு மரத் தாழ்ப்பாள் போட்டேன். அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, எல்லாரையும் உள்ளே போகச் சொல்லி, நான் வெளியே நின்று தோளால் இடித்தேன். அசையவில்லை. இன்னும் வேகமாக இடித்தேன். உள்ளே பிள்ளைகள் சிரித்தன. யாரோ ஒருத்தி ஏதோ சொல்ல, பெண்களும் சிரித்தார்கள். லாரி போனபிறகு அந்தத் தோட்டத்தில் அவ்வளவு பேர் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. தாழ் நன்றாக இருக்கிறது, திறக்க வேண்டாம் என்று கதவோரமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பொழுது சாய்ந்தால் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். கல்யாணமாகாத வாலிபன் அங்கே படுக்க முடியாது. அதை யாரும் சொல்லவும் இல்லை, சொல்லத் தேவையும் இல்லை. நான் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தால், கூரைக்கடியில் எடுத்த செங்கல் சந்துகள் வழியாக அடுப்பு வெளிச்சம் தெரியும். பேச்சுச் சத்தம் வரும், ஒரு சொல்லும் புரியாது. நான் கட்டிய வீடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு உள்ளே போய் அப்பா சொன்னபடி தாழ் போட்டுக்கொள்வேன்.

மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புப் புகை வரவில்லையே என்று அந்த அக்காதான் கவனித்திருக்கிறாள். ஜன்னலை உடைத்து, என்னைப் பாயோடு தூக்கிப் போனார்கள். கண் விழித்தபோது புகைவீட்டின் கீழ்ப் பரணில் கிடந்தேன். நெற்றியில் ஈரத்துணி. என் பக்கத்தில் அடிபட்ட அந்தப் பெண் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“பேசாம படுங்க தம்பி. இங்க எல்லாரும் இருக்கோம்” என்றாள். அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

காய்ச்சல் இறங்கும்வரை அங்கேயே இருந்தேன். படுத்துக்கொண்டு என் கட்டடத்தைப் பார்த்தேன். வரைந்தபோது தெரியாதது எல்லாம் படுத்தால் தெரிந்தது. மேற்குச் சந்துகள் வழியாகச் சாயங்கால வெயில் கீழ்ப் பரணில் இருந்த பிள்ளைகளின் கண்ணில் நேராக விழுந்தது. அவை புரண்டு புரண்டு படுத்தன. மேல் பரணில் இருந்த கிழவிக்கு இறங்கப் பிடிமானம் இல்லை. ஆனால் காற்று நன்றாக ஓடியது. விடியும்போது வெளிச்சம் சுவரில் சதுரம் சதுரமாக இறங்கி, ஒவ்வொருவரையாக எழுப்பியது. இத்தனை மூச்சுச் சத்தத்துக்கு நடுவே தூங்குவது எனக்குப் பழக்கமில்லாதது. தூக்கம் வராமலும், வர வேண்டாம் என்றும் கிடந்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் மேற்குச் சந்துகளுக்குக் கீற்று மறைப்பும் கிழவிக்கு ஒரு கைப்பிடியும் செய்து கொடுத்துவிட்டு, என் வீட்டுக்குத் திரும்பினேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் அவர்களால் முடியாது.

ஜப்பான்காரன் கெடாவைச் சயாம்காரர்களிடம் கொடுத்தான். கொடி மாறியது, பசி மாறவில்லை. ஒருநாள் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் ஆண்கள் ஒருவர் இருவராக நடந்து வந்தார்கள். போனவர்களில் கொஞ்சம் பேர்தான். அந்த அக்காவின் மகன் வந்தான். புருஷன் வரவில்லை. மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே அவள் பாதையைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

அவன்தான் என்னிடமும் வந்தான். முழங்கால்வரை புண். “காலரா வந்துச்சுண்ணே. டிரெஸ்ஸர் ஐயா கடைசி வரைக்கும் எங்களைத்தான் பாத்துக்கிட்டாரு. மருந்து ஒண்ணும் இல்ல. சும்மா கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு” என்றான். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். முகாம் மாறிக்கொண்டே இருந்தது, காடு, இடம் தெரியாது என்றான். உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் கிழங்கு தின்றோம்.

தோட்டத்துக்குப் புதுத் துரை வந்ததும் ரப்பர் வேலை தொடங்கியது. குடும்பங்கள் ஏற்கெனவே லயத்துக்குத் திரும்பியிருந்தன. புகைவீட்டில் ஓட்டைகளை யார் போட்டது என்று துரை கேட்க, கிராணி என்னைக் காட்டினார். துரை கோபப்படவில்லை. போட்டவனே அடைக்கட்டும் என்றார். ஒரு சீனக் கொத்தனாரோடு நின்று, ஏணியில் ஏறி ஒவ்வொரு சந்தாக அடைத்தேன். அந்த அக்கா பால் வாளியோடு அந்த வழியாகப் போனவள் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஸ்திரி கூப்பிட, போய்விட்டாள்.

நான் பினாங்குக்குத் திரும்பினேன். அலுவலகத்துக்கு வேறு ஒரு துரை வந்திருந்தார். சண்டைக் காலத்தில் ஏதாவது வரைந்தாயா என்று கேட்டார். ஒரு தோட்டத்துக் கட்டடத்தை மாற்றிக் கொடுத்தேன் என்றேன். படம் இருக்கிறதா என்றார். மருந்து அட்டைகள் மழையில் ஊறிப்போயிருந்தன. இல்லை என்றேன். இடிந்த கடைவீடுகளை அளவெடுக்கும் வேலையில் என்னைப் போட்டார். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், கூரையில்லாத வீடுகளுக்குள் தனியாக டேப்பைப் பிடித்துக்கொண்டு.

கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு அம்மா வந்தாள். அப்பாவைப் பற்றிய செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வெள்ளைச் சேலையில் இறங்கி வந்தாள். துறைமுகக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். நான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். கனமாக இருக்கும், கால் வலிக்கும், கொடு என்றாள். பரவாயில்லை என்றேன். ரிக்‌ஷாவில் ஏறி, நான் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போகும் வழியெல்லாம் அவள் இடிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.