சிரிக்கும் பன்றியை வரைந்தவர்

1986 மார்ச் 4: கறிக்கடைப் பலகையில் பன்றி வரைந்த கூலி, 40 டாலர்.
1995 ஜூலை 19: பன்றியின் காதுக்கு மறுபூச்சு, 6 டாலர், இரண்டு பவுண்டு தொடைக்கறி.
2018 மே 2: அதே பலகைக்கு அருங்காட்சியகம் கடைக்காரருக்குக் கொடுத்தது, 7,500 டாலர்.

ரெஃபுகியோ சமாரிப்பா தூரிகையைக் காதில் செருகுவார். அதனால் வலது காது எப்போதும் நீலம். டெக்சாஸின் சான் அன்டோனியோவில், மெக்சிக வம்சத்தார் வாழும் மேற்குப் பக்கத்தில், அவர் எழுதாத கடைப்பெயர்கள் பதினொன்றுதான். எண்ணியிருக்கிறேன்; அவருக்கும் அந்தக் கடைக்காரர்களுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் 1980இல் வெள்ளையர், 1990இல் மற்றவர், 2000இல் இரண்டும். "ஆளு நான் ஒருத்தன்தான் கணக்கரே. பத்து வருஷத்துக்கு ஒருதரம் அவங்கதான் கட்டத்த மாத்துறாங்க."

அந்தப் பன்றி சமையல் தொப்பி அணிந்து, தன் தொடையைத் தானே நறுக்கியபடி பல் தெரியச் சிரிக்கும். எங்கள் பக்கத்துக் கறிக்கடைப் பன்றிகள் எல்லாமே அப்படித்தான்.

அருங்காட்சியகத்திலிருந்து முனைவர் ஹிமெனா வந்தார். மெக்சிகோவின் மான்டெரேயில் பெரிய வீட்டுப் பெண்.

"தன்னையே அறுத்துக் கொடுத்துட்டுச் சிரிக்கிற கூலிக்காரன்தானே ஐயா இது? நம்ம இனத்தோட வலி!"

"பன்னிம்மா அது. மொறச்சிக்கிட்டு நின்னா எவன் கறி வாங்குவான்?"

"உங்க அடையாளத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. அது இல்லாம பேர் போட விதியில்ல. 'பெயர் தெரியாத கலைஞர்'னுதான் வரும்."

"பேரத்தான் இப்ப சொன்னேனே!"

அம்மையார் போனதும் சமாரிப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "நாப்பது வருஷமா ஊரார் பேரயெல்லாம் எழுதிட்டேன். என் பேர ஒரு தடவையாவது வேற எவனாவது எழுதட்டுமே."

என் சமையலறை மேசையில் நான்கு நாள் போராடினார். முதல் தாளில் வலி என்று தலைப்பிட்டு, 1997இல் சாரத்திலிருந்து விழுந்ததையும் இடுப்பில் தடவிய மூன்று தைலங்களையும் எழுதினார். கிழித்தார். இரண்டாவதில் தன் மூதாதையர் டெக்சாஸ் பிறக்கும் முன்பே அங்கே ஆடு மேய்த்ததை எழுதினார். "இதுக்கும் பன்னிக்கும் என்னய்யா சம்பந்தம்?" அதையும் கிழித்தார்.

கடைசியில் என்னை எழுதச் சொன்னார்: "கறிக்கடைக்காரர் பன்னி கேட்டாரு, வரைஞ்சேன். சிரிக்கச் சொன்னாரு, சிரிக்க வெச்சேன். அது நான் இல்ல. ஆனா வரைஞ்சது நான்."

"ஒரு பக்கம் வரலியே," என்றேன்.

"பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க."

அனுப்பி ஒன்பது வாரம் பதில் இல்லை. பிறகு, பன்றிக்குப் பக்கத்தில் மாட்டப்போகும் அட்டையின் அச்சுப்படியோடு அருங்காட்சியகத்தின் கடிதம் வந்தது. அவர் சொன்னது ஒரு சொல்லும் மாறாமல் இருந்தது. மேலே அவர் பெயர். அவர் கையைக் கழுவி, சட்டையில் துடைத்து, அந்தப் பெயர் காய்ந்துவிட்டதா என்று ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

கணக்கேட்டில் தேதியை மட்டும் எழுதினேன்: 2018 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை.