காலி பென் டிரைவில் அறுபத்தொரு வைரஸ்

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பல குறைகள் உண்டு. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவார். ஆனால் பெண் விஷயத்தில் அவர் தங்கம் என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் பெருமையடித்தவள் நான். அந்தப் பெருமையை ஒரு கம்ப்யூட்டர் ஒரே மத்தியானத்தில் கவிழ்த்துவிட்டது.

அவர் குழந்தைகள் பனியனுக்கு நெஞ்சுப் படம் வரைந்து கொடுப்பவர். கரடி, வாத்து, ரயில் என்று எல்லாம் எங்கள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில்தான். பிராட்பேண்ட் புதிதாக வாங்கியிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டகச்சிவிங்கிப் படம் தேடிக்கொண்டிருந்தவர், "ஏ புள்ள, இங்க வா. கம்ப்யூட்டரு என்னமோ கத்துது" என்றார்.

போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம். கம்ப்யூட்டரில் முன்னூற்றுப் பன்னிரண்டு வைரஸ் என்று இங்கிலீஷில் போட்டு, கீழே பட்டியல் வேறு. அதில் நாலாவது வரி: ஆபாசத் தளங்களைப் பார்த்த தடயம், நாற்பத்தேழு.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் படிக்கிற அளவுக்கு வரும். சரக்கு வாங்குகிற பையரின் ஆள் வந்து, எத்தனை பீஸில் என்ன குறை என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. முதலாளியே வாயைப் பொத்திக்கொண்டு பெட்டிகளைப் பிரிக்கச் சொல்வார். பத்து வருடம் அப்படியே பழகியவளுக்கு, குறையும் எண்ணிக்கையும் கண்ணெதிரே இருந்தால் போதாதா?

"நாப்பத்தேழாங்க?" என்றேன்.

அவரும் படித்தார். முகம் வெளிறிவிட்டது. "சாமி சத்தியமா நான் அதெல்லாம் பாக்கல புள்ள. ஒட்டகச்சிவிங்கிதான் பாத்தேன்."

"நாப்பத்தேழு ஒட்டகச்சிவிங்கியாங்க?"

பாவம், மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதை மூடப் பார்த்தார். ஒன்றை மூடினால் இரண்டாகத் திறந்தது. "எதுக்குங்க இத்தன அவசரமா மறைக்கறீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். கிரெடிட் கார்டு நம்பரைக் கொடுத்தால் எல்லாவற்றையும் சுத்தம் செய்து தருகிறேன் என்றது கேடயம். எங்களிடம் கார்டு இல்லை. இருந்திருந்தால் அவர் இருந்த பதற்றத்துக்குக் கொடுத்திருப்பார்.

மூன்று நாள் சோறு போட்டேன், பேசவில்லை. அந்தச் சனியன் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மணியடித்து ஞாபகப்படுத்தும். அது அடிக்கும்போதெல்லாம் நான் அவரை ஒரு பார்வை பார்ப்பேன். நாலாம் நாள் காலையில் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு, "குன்னத்தூருக்கு, அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றார்.

"போங்க போங்க, அங்கதான் கம்ப்யூட்டர் இல்லையே" என்று வாசல் வரை வந்து கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கட்டிலில் ஈரத் துண்டு இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை. பதினாறு வருடத்தில் அவர் கோபித்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை கம்பெனியில், புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா எடுத்த பீஸிலெல்லாம் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. மூன்று பேர் பார்த்துத் தேர்வு செய்த நல்ல பீஸ் ஒன்றை நடுவே சொருகிவிடுவோம். அதிலும் ஸ்டிக்கர் விழுந்தால் ஆள் துணியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். விழுந்தது.

"துணியப் பாத்தீங்களா, சும்மா ஒட்டுனீங்களா?" என்று கத்த ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டேன். அந்தச் சிவப்புக் கேடயத்துக்கு நான் எப்போது நல்ல பீஸ் கொடுத்துப் பார்த்தேன்?

வீட்டுக்குப் போகும் வழியில் புது பென் டிரைவ் ஒன்று வாங்கினேன். நானே பிளேடால் கவரைக் கிழித்துச் சொருகி, அந்தக் கேடயத்தில் இதை மட்டும் பார் என்று அழுத்தினேன். நாலு விநாடிதான். அறுபத்தொரு வைரஸ்! அதில் ஆபாசத் தளத் தடயம் ஒன்பது! கடையிலிருந்து வந்து பத்து நிமிடம் ஆகாத காலி பென் டிரைவில்!

"அடப்பாவி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். சந்தோஷம் ஒரு நொடிதான். அந்த மனுஷனை என்னென்ன பேசிவிட்டேன்!

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவருக்குப் போன் போட்டுக் கேடயத்தைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, அதாங்க வைரஸே" என்று சிரித்தார். "மெரட்டிக் காசு புடுங்கறதுக்குன்னே வரதுங்க. உங்க நெசமான ஆன்டிவைரஸ் கீழ மூலைல கடியாரத்துப் பக்கத்துல இருக்கும் பாருங்க. மொதல்ல நெட் ஒயரப் புடுங்குங்க. ஆப் பண்ணி ஆன் பண்ணுறப்ப எஃப் எட்ட உடாம அழுத்துங்க. சேஃப் மோடுன்னு வரும். அதுல போனா இது முழிக்காதுங்க."

உரலில் மிளகாய் இடிப்பதுபோல் எஃப் எட்டை இடித்தேன். மூன்றாவது தடவை வழிக்கு வந்தது. சர்வீஸ்காரர் போனில் சொல்லச் சொல்ல, புரோகிராம் பட்டியலிலிருந்து அதை எடுத்து, அதன் ஃபோல்டரையும் அழித்தேன். பிறகு உண்மையான ஆன்டிவைரஸை ஓடவிட்டேன். இரண்டு மணி நேரம் நிதானமாகப் பார்த்து மூன்றே மூன்று பிடித்தது. மூன்றும் அந்தக் கேடயம் போட்ட குட்டிகள். ஆபாசம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் குன்னத்தூர் போனேன். மாமியார் காபி கொடுத்தார். வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் சாமி மேல சத்தியம் பண்ணுனேன். அப்ப நம்பல. ஒரு பென் டிரைவு சொன்னவொடனே நம்பீட்ட" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"தப்புங்க. எம்மேலதானுங்க தப்பு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லாத வார்த்தை.

"காதுல உழுகல. இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"பஸ் சத்தத்துல கேக்கல புள்ள. சத்தமாச் சொல்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டாண்டில் ஒரு பஸ்கூட இல்லை.