அந்தப் படத்தில் கால் இல்லை

அந்தப் போட்டோ ஸ்டுடியோவின் உள்ளறையில் புளித்த காடியும் ஈரத் துணியும் சேர்ந்தது போல ஒரு வாடை அடிக்கும். இப்போதும் எங்காவது அந்த வாடை வந்தால் கூடவே அம்மாவின் முகமும் வந்துவிடுகிறது. இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டேன். அப்பா ஆசையாய்ச் செய்த ஒன்றைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். இன்று இருவருமே மாதாவின் நிழலில் இருக்கிறார்கள், இனி யார் மனமும் நோகாது என்று நம்பி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு கண் சொருகிவிட்டதாம். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "தாயே, இது பொழைச்சா வேளாங்கண்ணிக்கு நடந்தே வரேன், ஒங் கடல்ல கால நனைச்சுட்டு வாசல்ல முட்டி போடுறேன்" என்று நேர்ந்துகொண்டாளாம். நான் பிழைத்துக்கொண்டேன். நேர்ச்சைதான் நின்றுபோயிற்று.

ஆவணியில் எங்கள் தெருவிலிருந்து காவி உடுத்திய கூட்டம் மாதாவின் சப்பரத்தை இழுத்துக்கொண்டு செபமாலை சொல்லியபடி நடைப்பயணம் கிளம்பும். அம்மா தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிடுவாள். அப்பா அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் ஓட்டுநர், வீட்டில் தங்குவது குறைவு. வீட்டில் இருந்த மாடோ அம்மாவின் கை படாவிட்டால் பாலை விடாது, உதைக்கும். அந்தப் பாலில்தான் குடும்பம் ஓடியது. மாட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஒருமுறை அப்பா லாரியிலிருந்து கல்லாகிப்போன சிப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் தோண்டினால் அப்படிச் சிப்பிகள் கிடைக்கும், ஒரு காலத்தில் இதெல்லாம் கடல் என்று பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா அதை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, "கடலே நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு, நாமதான் இன்னும் போவல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்பாவை என்னவோ செய்திருக்க வேண்டும். அடுத்த வாரமே எங்களை ஜெயங்கொண்டத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு ஸ்டுடியோக்காரர், போகாத ஊரில் நிற்பது போலப் படம் எடுத்துத் தருவதாக அப்பா கேள்விப்பட்டிருந்தார்.

ஸ்டுடியோக்காரர் அம்மாவைக் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தார். வேளாங்கண்ணிக் கோயிலும் அதன் முன்னால் கடலும் இருந்த காலண்டர் தாள் ஒன்று எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது.

"ஒரே பிலிம்ல ரெண்டு தடவ அடிக்கிறதுங்க. மொதல்ல அம்மா, அப்பறம் அதும் மேலயே இந்தக் காலண்டரு."

"நான் கோயில் வாசல்ல இருக்கற மாதிரி எடுங்க தம்பி," என்றாள் அம்மா.

"அது ஆவாதுங்களே. கோயிலு வெள்ளை, வெள்ளையில மூஞ்சி விழாது. கடலுதான் கறுப்பா இருக்கு. அங்க போட்டாத்தான் தெரிவீங்க."

"கடல்லயே போடுப்பா," என்றார் அப்பா. "குளிச்சுட்டுக் கரையேறி கோயிலுக்குப் போவட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் படம் கலங்கிவிடும் என்று ஸ்டுடியோக்காரர் கெஞ்ச, கொஞ்ச நேரத்தில் அடங்கினாள். அப்படி அடங்கிய முகம்தான் படத்தில் வந்தது. தூரத்தில் வெள்ளையாகக் கோயில், இப்பால் கடல், அந்தக் கடலுக்குள்ளிருந்து மார்பளவு எழும்பிய அம்மா. இடது கன்னத்தின் மேலே ஒரு அலையின் நுரை கோடாக ஓடியது. கண்ணாடி போட்டுச் சுரூபத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் அப்பா. செபம் சொல்ல வந்த பக்கத்து வீட்டு அத்தை சுரூபத்தோடு சேர்த்து அந்தப் படத்துக்கும் சிலுவை போட்டுக்கொள்ள, "அடியே, என்னையும் சேத்துக் கும்புடாதடி, நான் இன்னும் வூட்டுலதான் கெடக்குறேன்" என்று அம்மா கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் மறு வருஷம் நடைப்பயணக் கூட்டத்தின் தலைவர் வந்து, "அண்ணி, இந்த வருசமாவது பேரு சேத்துக்கட்டுமா?" என்று கேட்டபோது, அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா படத்தைக் காட்டி, "அவதான் ஒங்களுக்கெல்லாம் முந்தியே போய் நின்னுட்டாளே தம்பி" என்றார். வந்தவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷமும் அதே பேச்சுதான். அதன் பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். அப்பா கேலிக்காகச் சொன்னதில்லை. பெண்டாட்டியின் ஆசையைத் தீர்த்துவைத்துவிட்டோம் என்று மனதார நம்பினார்.

ஒரு சாயங்காலம் அம்மா பால் கறந்துகொண்டிருந்தபோது நானும் அதே பேச்சைப் பேசினேன். "நீதான் கடலப் பாத்துட்டியேம்மா." அவள் கறப்பதை நிறுத்தவில்லை. "அதுல மூஞ்சி மட்டுந்தானடி இருக்கு. காலு இங்கதான சாணியில நிக்குது," என்றாள்.

பிறகு அந்த மாடு போய் வேறு மாடு வந்தது. நான் கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தேன், என் பிரசவங்களுக்கு அம்மா வந்து நின்றாள். அதற்குள் அவள் முழங்கால் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போனால் ஒரு பகல் பயணம்தான். எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று இருந்ததாலேயே போகாமல் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா இறந்த அன்று போஸ்டர் அடிக்கப் படம் தேடினோம். முகம் தெளிவாக இருந்தது அந்த ஒரு படம்தான். அப்பாவும் நானும் அச்சகத்துக்கு எடுத்துப்போனோம். கம்ப்யூட்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "பின்னாடி கடல அழிச்சுட்டு ப்ளூ கலர் போட்டுடலாங்களா?" என்றார். அழித்தும் காட்டினார். கோயில் போனது, கடல் போனது, கன்னத்தில் இருந்த நுரைக்கோடு மட்டும் போகவில்லை. "இது மூஞ்சியோடவே பதிஞ்சிருக்குங்க, எடுத்தா மூஞ்சியும் கெட்டுடும்," என்றார்.

அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடலத் திரும்பப் போடுங்க. அவ போவணும்னு இருந்தா. நாந்தான் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார்.

அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை இருக்கிறது. என் பேரப்பிள்ளைகள் போனில் ஒரு தட்டுத் தட்டி எந்த ஊரிலும் நின்றுவிடுகிறார்கள். அம்மாவுக்காக நான் வேளாங்கண்ணிக்குப் போய் அலையில் நின்று நேர்ச்சையைச் செலுத்தினேன். மாதா ஏற்றுக்கொண்டிருப்பாள். ஆனாலும் நனைந்தது என் கால்தானே.

ஊரில் இப்போது அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், "ஒங்கம்மா வேளாங்கண்ணில எடுத்ததா?" என்று கேட்கிறார்கள். சிலர், போனதாகவே சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். இதைப் படிப்பவர்கள் வேறு யாருக்காவது சொன்னால், கேட்பவர் மனம் ஆறட்டும் என்று கடைசியில் அவளைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள். அவள் போகவில்லை. அப்படியே சொல்லுங்கள்.