சந்தியாப்பிள்ளை வாங்கிய மேல்கீழ்த் துவக்கு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பிலோமினா தங்கச்சி அனுப்பியிருந்தார். ஒன்றரை வருடமாக எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறவர் அவர்தான். நான் பழகவேண்டும் என்று நாளுக்கு ஒரு வரி அனுப்புவார். "இன்று மழை." "நல்ல மீன் வாங்கினேன்." நான் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்துப் பதில் போடுவேன். எழுபத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் இது. அன்றும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்சாகமாகத்தான் உட்கார்ந்தேன். "அவர் இறந்துவிட்டார் அண்ணை." எங்கும் தடக்காமல் வாசித்து முடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி முதலில் வந்தது. பொருள் அதற்குப் பின்னால்தான் வந்தது.

அவர் என்றால் தங்கச்சியின் கணவர், என் நண்பர் சந்தியாப்பிள்ளை. வயது அறுபத்தொன்று. மவுண்ட் வெல்லிங்டனில் அடிபட்ட கார்களின் தகடு நிமிர்த்தும் பட்டறையில் வேலை செய்தவர். அன்று காலை பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வாய்விட்டுக் கதைக்க முடியாமல்தான் தங்கச்சி எழுதி அனுப்பியிருந்தார்.

அவருடைய முப்பத்தோராம் நாள் செபத்தில் வாசிக்க இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. எழுத எழுதப் பயமும் கூடிக்கொண்டு போகிறது. சந்தியாப்பிள்ளையைப் பற்றி உண்மையாக எழுதினால் நான் அவருக்குச் செய்த ஒரு பிழையையும் எழுதவேண்டும். அது பிலோமினா தங்கச்சிக்குத் தெரியாது. எழுதியதைத் திருத்தித் தருகிறவரும் அவர்தான்.

மவுண்ட் ரோஸ்கில் கத்தோலிக்கக் கோவிலில்தான் நாங்கள் பழகினோம். இரண்டு பேரும் மன்னார். அங்கே ஒருவரை ஒருவர் கண்டதில்லை. நான் கடலுக்குப் போனவன், பள்ளிக்கூடம் போகாதவன். மனைவி இறந்த பிறகு மகள் றெஜினா என்னை இந்தத் தூர நாட்டுக்குக் கூப்பிட்டாள். பூசை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும்போது நான் சுவரோடு தனியே நிற்பேன். ஒரு ஞாயிறு அவர் இரண்டு கோப்பையோடு வந்தார்.

"என்ன அண்ணை, சுவர் விழாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியளோ?"

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய காரில்தான் வீட்டுக்குப் போனேன்.

அவருடைய முதலாளியின் சகோதரருக்குத் தெற்கே ஒரு பண்ணை உண்டு. அங்கே ஒரு குளம். வருடாவருடம் மே மாதத்தில் தாரா என்கிற காட்டு வாத்து வேட்டை தொடங்கும்போது முதலாளி சந்தியாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் இரவல் துவக்கால், முதலாளி பக்கத்தில் நிற்க, இரண்டு வெடி வைப்பார். துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்றுதான் சொல்லுவோம். அந்தச் சொல்லைக் கேட்டாலே நான் கதையை மாற்றிவிடுவேன். அவருக்கோ சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க அனுமதி வேண்டும். படிக்கவேண்டும், சோதனை எழுதவேண்டும். அதோடு, வீட்டில் இருப்பவர் ஒருவரையும் வெளி ஆள் ஒருவரையும் கண்டு, இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பார்கள்.

"வெளி ஆளுக்கு உங்கட பேரைத்தான் போட்டிருக்கிறன் அண்ணை."

"என்ர பேரையோ? தம்பி, எனக்குத் துவக்கெண்டாலே பயம்."

"அதுதான் நல்லம். துவக்கில ஆசை இருக்கிறவன் என்னைப் பற்றிச் சொன்னால் ஆர் நம்புவினம்?"

மறுக்க வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன். அதன் பிறகு மூன்று கிழமை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வாசலில் கார் நின்றால் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பேன்.

விசாரிக்க வந்தது ஒரு பெண்மணி. மொழிபெயர்க்க றெஜினா வேலையில் இருந்து வந்துகொண்டிருந்தாள். பெருந்தெருவில் வாகன நெரிசல். பெண்மணி சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். கருநீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் கோப்பு. கதவை ஒரு சாண் அளவு திறந்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சந்தியாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, இவரைத் தெரியுமா என்று. அந்த அளவுக்கு எனக்கு இங்கிலிஸ் விளங்கும்.

சீருடைச் சட்டை போட்டவர் ஒருவர் வாசலில் நின்று ஒரு பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பித்ததில்லை. அது உடம்புக்குத் தெரியும். என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த ஒருவர், சோதனைச் சாவடியில் இப்படிக் கேட்டபோது தெரியும் என்று சொன்னார். பெயர் கேட்கப்பட்டவரும் திரும்பி வரவில்லை, சொன்னவரும் திரும்பி வரவில்லை.

"நோ," என்றேன். "நோ நோ. தெரியாது."

பெண்மணி திகைத்தார். பெயரை இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். நான் இன்னொரு தடவை தலையை ஆட்டினேன். கோப்பில் ஏதோ எழுதி, ஒரு அட்டையைத் தந்துவிட்டுப் போனார். அட்டையில் என்ன இருக்கிறது என்று வாசிக்கத் தெரியாது. கோட்டுப் பைக்குள் வைத்தேன். றெஜினா வந்து கேட்டபோது, ஒருவரும் வரவில்லை என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று.

அதற்குப் பின் வந்த மூன்றாவது ஞாயிறு, காரில் போகும்போது சந்தியாப்பிள்ளை சொன்னார்.

"அண்ணை, துவக்கு அனுமதிக்காரர் ரெலிபோன் எடுத்தவை. நீங்கள் என்னைத் தெரியாதெண்டு சொன்னீங்களாம்."

நான் சீற் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காரை டெயறி என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"எங்கட ஊரில அது சரியான மறுமொழி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

"மன்னிக்க என்ன கிடக்கு? நீங்கள் என்னைக் காப்பாற்றியெல்லோ விட்டிருக்கிறியள்!" என்று சிரித்தார். "ஒரு கிழமை பாத்தன், நீங்களாச் சொல்லுவியள் எண்டு. அதுதான் கொஞ்சம் நொந்தது. வேற ஒண்டும் இல்லை. பிலோமினாவுக்குச் சொல்லாதேங்கோ. அவ சும்மா விடமாட்டா."

வேறு ஆளின் பெயரைப் போடுகிறேன் என்றார். வேண்டாம், என் பெயரையே போடுங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அந்தக் கிழமையே பிலோமினா தங்கச்சியிடம் போய், எனக்கு எழுத்துச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். ஒரு அட்டையைக்கூட வாசிக்க முடியாமல் பையில் ஒளித்து வைக்கிறவனாகச் சாக விருப்பமில்லை. காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை.

விண்ணப்பம் வரிசையில் பின்னால் போனது. அந்த மே மாதம் அனுமதி இல்லாமலே கழிந்தது. இரண்டாவது தடவை அதே பெண்மணி வந்தபோது றெஜினா பக்கத்தில் இருந்தாள். முதல் முறை ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். றெஜினா மொழிபெயர்க்காமல் என் முகத்தையே பார்த்தாள். பிறகுதான் இங்கிலிசில் சொன்னாள். பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, இவரிடம் துவக்கு இருப்பது உங்களுக்குப் பயமா என்று கேட்டார்.

"துவக்கு ஆரிட்ட இருந்தாலும் எனக்குப் பயம். அவரில பயமில்லை," என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அனுமதி வந்த பிறகு துவக்கு பார்க்கப் போனோம். நான் காரிலேயே இருக்கிறேன் என்றேன். விடவில்லை. சுவர் முழுக்கத் துவக்குகள் நிற்கும் கடைக்குள் என் கால் நுழைந்தது அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்ததால்தான்.

கடைக்காரர் நல்ல மனிதர். முதலில் மலிவான ஒற்றைக் குழல் ஒன்றைக் காட்டினார். முன்கட்டையைப் பின்னால் இழுத்து இழுத்துச் சுடுகிறது. அந்த இழுக்கிற சத்தத்தில் நான் வாசலுக்குப் போய்விட்டேன். சந்தியாப்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்தார். தனக்கு ஒரு குழலுக்கு மேல் இன்னொரு குழல் வைத்த மேல்கீழ்த் துவக்குத்தான் வேண்டும், விலையும் அடக்கமாக இருக்கவேண்டும் என்றார்.

"மலிவானதை விட்டிட்டு ஏன் தம்பி?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

"அது மூடிக்கிடந்தால் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். இதை நடுவில மடிச்சு முறிச்சுப் பிடிச்சால் வெறுங்குழல் எண்டு உங்களுக்கும் தெரியும். பயப்பிடுறவனுக்கும் தெரியவேணும் அண்ணை."

மூன்றைப் பார்த்தார். முதலாவது இத்தாலியில் செய்தது. பக்கத்தகட்டில் பறவையும் பூவும் செதுக்கியிருந்தது. "இந்தப் பூவுக்குத்தான் காசு. தாரா பூவைப் பாத்து விழப்போகுதோ?" என்று வைத்துவிட்டார். இரண்டாவது பழையது, விலை குறைவு. மூடிப் பிடித்து மெதுவாக ஆட்டினார். குழலும் பிடியும் சேரும் பிணைச்சலில் ஒரு சின்னக் கிலுகிலுப்பு. தகடு நிமிர்த்துகிற காதுக்கு அது தப்புமா? "இது இப்பவே ஆடுது," என்றார். இங்கே தண்ணீர்ப் பறவைக்கு ஈயக் குண்டு கூடாது, இரும்புக் குண்டுதான் போடவேண்டும். அந்தப் பழைய குழல் இரும்புக்குத் தாங்காது என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது துருக்கியில் செய்த புதியது. பூவும் இல்லை, மினுக்கமும் இல்லை. திறக்க இறுக்கமாக இருந்தது. இரும்புக் குண்டுக்கு ஏற்ற குழல். குண்டு பரவுவதைக் கூட்டவும் குறைக்கவும் குழல் வாயில் திருகிப் போடும் வளையங்களும் உண்டு. சுட்ட தோட்டாவை எகிற விடாமல் மெதுவாக மேலே தூக்கித் தருவது. எகிற விடுகிறதற்கு விலை கூட என்றார் கடைக்காரர். "வேண்டாம். கையால எடுத்துப் பையில போடுவன். குளத்தில குப்பை போடக்கூடாது," என்றார் இவர்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குத் தூக்கினார். கண்ணைத் திறந்தார். தோளில் வைக்கும் பிடங்கு அவருக்கு நீளம், கக்கத்தில் தடக்கியது. கடைக்காரர் உள்ளே போய், அதே வகையில் பிடங்கு குட்டையான ஒன்றைக் கொண்டு வந்தார். மறுபடி கண்ணை மூடி, தூக்கி, திறந்தார். குழலின் மேல்வரி அவருடைய கண்ணுக்கு நேராக இருந்தது. "இது என்ர அளவு," என்றார். உடனே அதை முறித்து, என் பக்கம் திருப்பி, வெறுங்குழலைக் காட்டினார். கடைக்காரருக்குக் காட்டவில்லை. எனக்குத்தான் காட்டினார்.

இந்த மே மாதம் வேட்டை தொடங்கிய காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "நீங்கள் சொல்லித்தானே அனுமதி தந்தவை. ஒருக்கால் வந்து பாருங்கோ." குளக்கரையில் கிளையும் புல்லும் சாத்திய ஒரு கொட்டில். மைமை என்று இங்கே சொல்லுவார்கள். முதலாளி மறுகரையில். விடியும் நேரம். சுடத் தொடங்கலாம் என்ற நேரம் வந்ததும், எங்கள் குளத்தில் இல்லை, சுற்றியுள்ள எல்லாக் குளங்களிலும் ஒரே நேரத்தில் வெடிக்கத் தொடங்கியது. சத்தம் மலை மலையாகத் திருப்பி அடித்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்தபோது சேற்றில் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையும் தலைக்கு மேல். வாய்க்குள் மண். மாதாவே மாதாவே என்று என் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

சந்தியாப்பிள்ளை ஒரு வெடியும் வைக்கவில்லை. துவக்கை முறித்தார், இரண்டு தோட்டாவையும் எடுத்துப் பையில் போட்டார், முறித்தபடியே பலகையில் வைத்தார். பிறகு வந்து என் பக்கத்தில் சேற்றில் படுத்தார். புதுச் சட்டையோடு.

"எழும்புவமோ அண்ணை?"

"இல்லை."

"சரி. அப்ப கிடப்பம்."

கிடந்தோம். எங்கள் தலைக்கு மேலே தாராக்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. ஒரு வருடம் காத்திருந்த மனிதர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. மறுகரையில் இருந்து முதலாளி ஏதோ கத்தினார். "என்ன கேக்கிறார்?" என்றேன். "செத்திட்டமோ எண்டு கேக்கிறார். இன்னும் இல்லை எண்டு சொல்லட்டோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றுக்குள் கிடந்து சிரித்தேன். வெயில் ஏறிய பிறகு, நான் காதைப் பொத்திக்கொண்டிருக்க, அவர் இரண்டு தாரா சுட்டார். அந்தப் பருவத்தில் அவ்வளவுதான். ஓகஸ்டில் போய்விட்டார்.

இந்த இடம் வரை எழுதி, வியாழக்கிழமை பிலோமினா தங்கச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பேனையோடு இருந்து வாசித்தார். நான் தேநீரைத் தொடவில்லை. வாசலுக்கு வந்த பெண்மணியின் இடம் வந்ததும் பேனை நின்றது. மீதியை அவர் திருத்தாமலே வாசித்தார்.

"அந்த வருசம் முழுக்க நான் அவரை ஏசினனான்," என்றார். "படிவத்தை ஒழுங்கா நிரப்பத் தெரியாத மனுசன் எண்டு. ஆக்களுக்கு முன்னாலயும் ஏசினனான். ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை."

"தங்கச்சி..."

"கதையாதேங்கோ அண்ணை. அப்பவே அனுமதி வந்திருந்தால் அவருக்கு ரெண்டு மே மாசம் கிடைச்சிருக்கும். ஒண்டுதான் கிடைச்சது. அதிலயும் பாதி சேத்துக்குள்ள."

எழும்பிப் போகப் பார்த்தேன். அவர் தாள்களைத் தரவில்லை. முன்னறைக்குக் கொண்டுபோய், சந்தியாப்பிள்ளையின் படத்துக்கு முன்னால் வைத்தார். காற்றுக்குப் பறக்காமல் மேலே செபமாலையை வைத்தார்.

"இண்டைக்கு இது இங்க கிடக்கட்டும். அவரும் ஒருக்கால் வாசிக்கட்டும். ஞாயிறு நீங்கள் வாசியுங்கோ. ஒரு வரியும் விடாதேங்கோ. எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ."

தம்பி சந்தியாப்பிள்ளை, இன்று ஞாயிறு, ஒரு வரியும் விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் முதலாளி பின்வரிசையில் இருக்கிறார். றெஜினா அவருடைய காதுக்குள் இங்கிலிசில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிலோமினா தங்கச்சி முன்வரிசையில், என்னைப் பார்க்காமல் இருக்கிறார். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒருவரும் உங்களை எழும்பச் சொல்லமாட்டார்கள். ஆறுதலாகக் கிடவுங்கோ தம்பி. நான் வந்து பக்கத்தில் படுக்க இன்னும் கொஞ்ச நாள்தான்.