நாற்றமில்லாத குப்பை

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், குப்பையின் நாற்றம் திரையைத் தாண்டி மூக்கில் ஏறியது என்று எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் கடல் தாண்டி இருப்பவர்கள். ஒருவர், அரங்கைவிட்டு வெளியே வந்த பிறகும் தன் கோட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டதாகக் குறிப்பிட்டிருந்தார். இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் தெருத் தையற்கடைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்தக் குப்பையின் முதல் லோடை நாங்கள் கிட்டத்தில் நின்று முகர்ந்திருக்கிறோம். அதில் எலுமிச்சை வாசனை அடித்தது.

முதல் லோடு படத்தில் இல்லை. அதை ஜட்ஜம்மா அள்ளிவிட்டார். அள்ளியதற்காக அவருடைய வேலையே போகப் பார்த்தது.

ஜட்ஜம்மா என்று நாங்கள் கூப்பிடுபவர் எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். நீதிமன்றத்தை வெளியிலிருந்துகூட அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இருநூற்றுப் பத்து வீடுகளின் குப்பையைத் தினமும் கையாள்கிறவருக்கு அந்த இருநூற்றுப் பத்து வீடுகளையும் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கத்தான் செய்யும். மாத்திரை அட்டை இரண்டு நாள் தொடர்ந்து வந்தால், "வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று வாசலில் நின்று கேட்பார். பென்சில் சீவல் கூடினால் பரீட்சை. மாடி வீட்டுக்காரர் புகைப்பதை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். அதன் உண்மை நிலவரம் ஜட்ஜம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிளாஸ்டிக்கையும் காய்கறித் தோலையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பவர்களிடம்தான் அவருடைய நீதி இரக்கமற்றது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "படிச்சவங்கதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். படித்தவர்கள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பிரிக்க ஆரம்பிப்பார்கள்.

கணவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார். வேலையோடு இன்னொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டார். ஜட்ஜம்மா நாற்பத்தொரு வயதில் துடைப்பத்தைப் பிடித்தார். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் தற்காலிகப் பணிதான். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு மகள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் மனிதர்கள் உட்காருவதில்லை. இஸ்திரி போட்ட சீருடை தொங்குகிறது. அதன் கீழே பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ்.

பூட்ஸின் கதை தனி. சேர்ந்த புதிதில் ரப்பர் செருப்போடுதான் வேலை. ஒருநாள் உடைந்த பாட்டில் பாதத்தில் இறங்கி ஏழு தையல். ஆறியதும் பூட்ஸும் கையுறையும் கேட்டு மனு கொடுத்தார். முதல் வருஷம் நிதி இல்லை என்றார்கள். இரண்டாம் வருஷம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் வருஷம், பாதத்திலிருந்து எடுத்த கண்ணாடித் துண்டை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்து எடுத்துப்போய் அதிகாரியின் மேஜையில், அவருடைய டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதையும் சேத்துப் பரிசீலனை பண்ணுங்க சார்." அந்த மாதமே நாற்பது பேருக்கும் பூட்ஸ் வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதைத் துடைத்துப் பாலிஷ் போடுவது அவருக்கு வழிபாடு மாதிரி.

இப்படிப்பட்டவருடைய தெருவுக்குத்தான் ஒரு வெளிநாட்டுப் படக்குழு வந்தது.

இயக்குநர் நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லோரையும் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார், சட்டென்று கண்கலங்கினார். ஏழைகளைப் பற்றி ஏற்கெனவே ஒரு படம் எடுத்துப் பரிசு வாங்கியவர். வறுமையை அவருக்கு நேரில் பார்த்தே பழக்கம் என்று படக் கம்பெனியின் மேனேஜர் சொன்னார். மேனேஜர் நம் ஆள். பேச்சு நம்முடையது, ஷூ மட்டும் அவர்களுடையது.

வருகிறவர்களுக்காக நாங்கள் வாசல் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம். தையற்கடைக்காரர் மூன்று நாள் ராப்பகலாக எங்கள் புதுச் சட்டைகளைத் தைத்திருந்தார். அதையெல்லாம் பார்த்த இயக்குநரின் முகம் வாடிவிட்டது. இந்தத் தெரு தன் வலியை மறைத்து வைத்திருக்கிறது என்று சொன்னாராம். மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவர ஒரு லாரி குப்பைக்கு ஆர்டர் போனது.

வெளிநாட்டு நடிகை அந்தக் குப்பையில் நடக்க வேண்டும். அவருக்கு ஒரு கிருமியும் ஒட்டக்கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே பாட்டில்களைக் கழுவி, சாக்குகளைத் துவைத்துக் கத்தரியால் கிழித்து, எல்லாவற்றின் மேலும் எலுமிச்சை வாசனை மருந்து தெளித்து, மாலை நாலு மணிக்குக் கொட்டினார்கள். போலீஸில், மின்சார அலுவலகத்தில், தெருக்காரர்களிடம், எல்லோரிடமும் அனுமதி வாங்கியிருந்தார்கள். பெருக்குகிறவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய வேலை மதியம் ஒரு மணிக்கே முடிந்துவிடும்.

மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஜட்ஜம்மா தெருமுனையில் வந்து நின்றார். படம் எடுக்க வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். வெளியூர் ஆட்கள் வரும் நாளில் தெரு இப்படியா கிடப்பது என்று ரத்தம் கொதித்தது. குனிந்து நாலைந்து பொருளைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, யாருடையது என்று சொல்ல முடியாத குப்பை.

காவலுக்கு இருந்தவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சீருடையில் ஓர் அம்மா துடைப்பத்தோடு வருவதைப் பார்த்து, நடிக்க வந்தவர் ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "ஜோரா பண்றீங்கம்மா" என்று பாராட்டுகூடச் சொன்னார். ஜட்ஜம்மா அந்தப் பாராட்டை உரியதாகவே ஏற்றுக்கொண்டார். ஏழு மணிக்குக் குப்பை வண்டி வந்தது. ஏழரைக்கு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய் நசுங்கிவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தெளித்துவைத்தார்.

எட்டு மணிக்குப் படக்குழு வந்தது. மேனேஜர் வண்டியிலிருந்து இறங்கி, தெருவைப் பார்த்து, வேறு தெருவோ என்று திரும்பி ஒருமுறை பார்த்து, பிறகு ஓடிவந்தார்.

"எங்கம்மா குப்பை?"

"எந்தக் குப்பை தம்பி?"

"நேத்து சாயங்காலம் ஒரு லாரி கொட்டினோமே!"

"ஓ, நீங்கதானா அது?" ஜட்ஜம்மாவின் முகம் மலர்ந்தது. "காலையிலேருந்து ஆளைத் தேடிக்கிட்டிருக்கேன். பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பேர் எழுதும் நோட்டு எப்போதும் அவர் இடுப்புப் பையில் இருக்கும். மேனேஜரின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துப் பேரை எழுதிக்கொண்டார். மேனேஜர் கத்தினார். இது சினிமாக் குப்பை, கம்பெனியின் சொத்து, கணக்கெடுத்து வாங்கி வந்தது என்றார்.

"அதான் பாத்தேன்," என்றார் ஜட்ஜம்மா. "ஒரு முட்டை ஓடு இல்ல, ஒரு மாத்திரை அட்டை இல்ல, ஒரு பென்சில் சீவல் இல்ல. மனுசங்க இருந்த குப்பை மாதிரியே தெரியல. எங்க ஆளுங்க குப்பை போட்டாக்கூட அதுல ஒரு குடும்பம் இருக்கும் தம்பி."

தையற்கடைக்காரர் இதற்குக் கை தட்டினார். இயக்குநர், என்ன சொல்கிறார் என்று விசாரித்தார். மேனேஜர் எதை மொழிபெயர்த்தாரோ தெரியாது. இயக்குநரின் கண் கலங்கியது. ஜட்ஜம்மாவின் முகத்தை விரல்களால் சட்டம்போட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ஒங்க முகத்துல கண்ணியம் இருக்காம். படத்துல நீங்க வரணுமாம்" என்றார் மேனேஜர், கோபம் பாதி இறங்கி.

"என்ன வேஷம்?"

"குப்பை பொறுக்குற ஏழை அம்மா. கிழிஞ்ச துணி நாங்களே தருவோம். மூஞ்சில கொஞ்சம் கரி. அப்புறம் இந்த பூட்ஸு, கையுறை எல்லாம் கழட்டிடணும்."

"நான் இப்பவே குப்பை அள்றவதானே? எதுக்குக் கழட்டணும்?"

"இதெல்லாம் இருந்தா பாக்குறவங்க நம்பமாட்டாங்கம்மா."

ஜட்ஜம்மா தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு இயக்குநரின் பூட்ஸைப் பார்த்தார். "கண்ணியம் பூட்ஸ் போட்டா கண்ணுக்குத் தெரியாதாமா? மூணு வருசம் மனு குடுத்து வாங்கினது தம்பி இது. நம்பமாட்டாங்கன்னா அவங்களுக்கு நம்ப வராதது என் குத்தமா? போய் அவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. நடுவுல எதையும் முழுங்காம சொல்லுங்க."

சொன்னாரா என்று தெரியாது. அன்று படப்பிடிப்பு நடக்கவில்லை. நான்கு நாள் கழித்து எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த காலி மனையைத் தகரத்தால் அடைத்து, உள்ளே புதிதாக இன்னொரு லோடு எலுமிச்சைக் குப்பை கொட்டி எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் உலகம் முகர்ந்தது.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. நகராட்சிக்குப் புகார் போனது. அதுவும் எந்த மாதத்தில்? பதினோரு வருஷமாக அசையாமல் கிடந்த ஜட்ஜம்மாவின் கோப்பு, பணி நிரந்தரம் செய்யும் குழுவின் மேஜைக்கு வந்திருந்த மாதத்தில். நிரந்தரமானால் சம்பளம் இரட்டிப்பு, ஓய்வூதியம் உண்டு. ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புகார் உள்ள தற்காலிகப் பணியாளரை வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

சுகாதார ஆய்வாளர் நல்லவர், பயந்தவர். ஒரு தாளைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். "ஒரு கையெழுத்துப் போடும்மா. எல்லாம் முடிஞ்சிடும்."

ஜட்ஜம்மா வாய்விட்டுப் படித்தார். "'தவறுதலாகக் குப்பையை அகற்றிவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது.' அப்ப நாளையிலேருந்து பெருக்க வேண்டாமா சார்?"

"ஐயோ, சும்மா ஒரு பேச்சுக்குத்தான்மா!"

"பேச்சுக்குன்னா பேசிட்டுப் போறேன். கையெழுத்து எதுக்கு?"

அன்று சாயங்காலம் மகள் பிடித்துக்கொண்டாள். "அவர் சொல்றது நியாயந்தானேம்மா? ரெண்டு வரி. பதினோரு வருசத்தை ரெண்டு வரிக்காகத் தூக்கிப் போடுவியா?"

ஜட்ஜம்மா பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார். "நீ ரத்தம் பாக்குற இடத்துல, சரியா வந்த ரிசல்ட்டை தப்புன்னு எழுதிக் குடுன்னு ஒங்க டாக்டர் சொன்னா எழுதுவியாடி?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? ஒனக்குத் தப்பில்லாம இருக்கணும், எனக்கு மட்டும் தப்பு இருந்தாப் பரவாயில்லையா? அதுவும் வேலைதான், இதுவும் வேலைதான்."

"பேனா எங்க வச்சே?" என்றாள் மகள். குழுவுக்குக் கொடுக்க ஒரு கடிதம் தயாரானது. எழுதியது மகள், வாசகம் தாயுடையது.

இந்த இடத்தில் ஒரு பழைய பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் அது நிற்கிறது: 'பொதுவழியில் கழிவு கொட்டுவது தண்டனைக்குரிய குற்றம்'. விதி இன்று நேற்று வந்ததல்ல. இயக்குநரின் நாட்டுக்காரர்கள் எங்களை ஆண்ட காலத்தில், இந்த ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று தலையிலடித்துக்கொண்டு எழுதிவைத்தது. ஆண்டவர்கள் போனார்கள், விதி போகவில்லை. தாத்தா காலத்தில் குப்பை போடாதே என்றவர்கள், பேரன் காலத்தில் லாரி நிறையக் குப்பையோடு வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக அந்தப் பலகையை ஒரு சாக்குத் துணியால் மூடினார்கள். படத்துக்கு அது பொருந்தவில்லையாம். ஜட்ஜம்மா அந்தச் சாக்கையும் சேர்த்துத்தான் அள்ளியிருந்தார்.

பணி நிரந்தரக் குழுவின் முன்னால் அவர் கொடுத்த கடிதத்தில் நாலு வரி இருந்தது. என் எல்லையில் குப்பை கொட்டப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் அள்ளினேன். கொட்டியவர் தாமே ஒப்புக்கொண்டார், பெயர் நோட்டில் இருக்கிறது. பலகையில் உள்ள விதிப்படி அவர்மேல் நடவடிக்கை எடுக்கவும்.

குழுத் தலைவர் மேலிடத்து நிர்ப்பந்தத்தில் இருந்தார். கம்பெனி நகரத்துக்கு வேண்டிய கம்பெனி. குற்றக் குறிப்பாணை ஒன்று தயாரிக்கும்படி எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் தட்டச்சு செய்தார்: 'மேற்படி பணியாளர், பணி நேரத்தில், சீருடையில், தமது எல்லைக்குட்பட்ட தெருவிலிருந்த குப்பையை அகற்றிய குற்றத்துக்காக.' ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார். ஆய்வாளரை எழுதச் சொன்னார்கள்; அவருக்கு அன்று பார்த்துக் கை வலி. தலைவரே பேனாவைத் திறந்தார். கீழே தன் கையெழுத்து வரும் இடத்தைப் பார்த்து மூடிவைத்தார்.

கடைசியில் குரலை மென்மையாக்கிக்கொண்டு கேட்டார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு மறுபடியும் இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

ஆய்வாளர் பின்னாலிருந்து, 'மன்னிச்சுக்குங்க, இனிமே கேட்டுட்டுச் செய்யறேன்' என்று வாயசைத்துக் காட்டினார்.

"இன்னும் அரை மணி முன்னாடி வருவேன் ஐயா," என்றார் ஜட்ஜம்மா. "அன்னைக்கு வண்டி வர்றதுக்கு ஏழு மணி ஆயிடுச்சு. அவங்க வர்றப்ப தெரு இன்னும் ஈரமாத்தான் இருந்தது. அது தப்புதான்."

எழுத்தர் இருமினார். அது சிரிப்பென்று எல்லோருக்கும் தெரிந்தது. தலைவர் கோப்பைப் பக்கத்திலிருந்தவரிடம் தள்ளினார். அவர் அடுத்தவரிடம் தள்ளினார். மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அது திரும்பி வந்தது.

மாதக் கடைசியில் நிரந்தர ஆணை வந்தது. எழுத்தர் எழுந்து நின்று கொடுத்தார். ஜட்ஜம்மா அங்கேயே நின்று கடைசி வரி வரை படித்தார். அவர் கண்கலங்குவார் என்று ஆய்வாளர் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்.

"சார், நிரந்தரம்னா வருசத்துக்கு ரெண்டு ஜோடி பூட்ஸுன்னு இதுல போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"இன்னொரு ஜோடி எங்க?"